கையெழுத்து கோணினால் கண்ணைக் காட்டுங்கள்

பிப்ரவரி மாதத்தின் கடைசி நாள் அரிய நோய் தினம். 2008-லிருந்து அனுசரிக்கிறார்கள். டி-ஷர்ட், பலூன், "அரிய நோயாளிகளுக்குத் துணை நிற்போம்" என்று ஒரு பதாகை. குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதாகையைப் படித்தவர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. அரிய நோய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பலவற்றுக்கு இன்னும் மருந்தில்லை. அங்கே சொல்வதற்கும் அதிகமில்லை என்பது உண்மைதான். வில்சன் நோய் அந்தக் கணக்கில் வராது. பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு, ஆனால் மாத்திரைக்கு அடங்கும். கண்டுபிடிக்கத் தேவையான மூன்று சோதனைகளும் பெங்களூரில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் கை கால் முறுக்கிக்கொண்டு, பேச்சு போன பிறகு வந்து சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நோய்க்கு விழிப்புணர்வு என்றால் அந்த மூன்று சோதனைகளைச் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் எழுதவைப்பது. மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் உடம்புக்குள் நடப்பது. சாப்பாட்டில் தினமும் கொஞ்சம் செம்பு உள்ளே போகிறது. உடம்புக்கு அது வேண்டும், ஆனால் மிகக் கொஞ்சமே வேண்டும். மிச்சத்தைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து மலத்தோடு வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கான மரபணு ஏடிபி7பி. 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, 1993-இல் அடையாளம் கண்டார்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால் வெளியேற்றும் வழி அடைபடுகிறது. கழிவுக்குழாய் அடைத்த தொட்டி மாதிரி செம்பு முதலில் கல்லீரலில் நிரம்பும். நிரம்பி வழிந்தது ரத்தத்தில் கலந்து மூளையிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் படியும். பிறந்த நாளிலிருந்தே சேர்ந்தாலும் அறிகுறி தெரிய வருடங்கள் ஆகும். பெரும்பாலும் 5 வயதிலிருந்து 35 வயதுக்குள். உலக அளவில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 30,000 பேரில் ஒருவர்.

1912-இல் இதை விரிவாக எழுதிய நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் பெயரால் அழைக்கிறோம். (பெங்களூரின் நரம்பியல், மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் வில்சன் கார்டன் பகுதிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.)

தாமதத்துக்குக் காரணம், இந்த நோய் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு வேஷத்தில் வருவதுதான். ஒரு பிள்ளைக்கு மஞ்சள் காமாலையாக வரும். கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், தானாகக் குறையும், மறுபடி வரும். திரும்பத் திரும்ப வரும் காமாலை, ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ எல்லா வைரஸ் சோதனையும் நெகட்டிவ், ஸ்கேனில் கல்லீரல் சுருங்கியிருக்கிறது, பையனுக்கு வயது பன்னிரண்டு: இந்த நிலைக்கு வந்தும் செம்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். இன்னொரு பிள்ளைக்கு நரம்பில் ஆரம்பிக்கும். கையெழுத்து கெடும், எழுத்து சிறுத்துக் கோணிப்போகும், வாய் குளறும், தலையணையில் எச்சில் ஒழுகும், டம்ளர் பிடிக்கும் கை உதறும், முகத்தில் காரணமில்லாத ஒரு சிரிப்பு அப்படியே தங்கிவிடும். "வயசுப் பையன், சோம்பேறித்தனம்" என்று வீட்டில் சொல்வார்கள். மூன்றாவது பிள்ளைக்கு மனத்தில் தெரியும்: திடீர்க் கோபம், அழுகை, நன்றாகப் படித்த பெண் வரிசையாக ஃபெயில். அங்கே முதல் படி மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதாகவும், இரண்டாம் படி மனநல மாத்திரையாகவும் இருக்கும். அந்த மாத்திரைகளில் சில ஏற்கெனவே இருக்கும் விறைப்பைக் கூட்டிவிடும் என்பது தனி வினை. சிலருக்கு முட்டி தட்டுவதும் எலும்பு வளைவதும்தான் முதலில். ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு மென்மையாகும் நோய், என்று கால்சியத்தோடு வருடங்கள் ஓடும்.

மூன்று பத்தாண்டுகளில் தங்களிடம் வந்த 282 நோயாளிகளைப் பற்றி நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2007-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நரம்பியல் மருத்துவமனை என்பதால் அதில் பெரும்பான்மை நரம்புத் தொந்தரவோடு வந்தவர்கள். கல்லீரல் மருத்துவமனையில் எண்ணினால் கணக்கு வேறாக இருக்கும். ஆனாலும் பள்ளிக்கூட வயதில், எழுதும் கையிலும் பேசும் வாயிலும் தெரியும் நோய் இது என்பதை மறக்கக்கூடாது. அதனால்தான் துண்டறிக்கை அடிப்பவர்களிடம் சொல்கிறோம்: டாக்டர் கிளினிக்கில் ஒட்டுவதற்கு முன் அல்சூர், ராமமூர்த்தி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோங்கள். ஒரு பிள்ளையின் போன வருட நோட்டையும் இந்த வருட நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்புள்ளவர் வகுப்பு ஆசிரியர்தான்.

இனி சோதனைகள். முதலாவது கண். கருவிழியின் விளிம்பில், உள்பக்கச் சவ்வில் செம்பு படிந்து தங்கப் பழுப்பில் ஒரு வளையம் தெரியும். கைசர்-ஃபிளைஷர் வளையம், சுருக்கமாக கே.எஃப். வளையம். மேல் விளிம்பில் தொடங்கும், அடுத்தது கீழ் விளிம்பு, கடைசியில்தான் இரண்டும் சேர்ந்து முழு வட்டமாகும். பாடப்புத்தகப் படங்களில் நீலக் கண்ணில் பளிச்சென்று இருக்கும். நம் கருவிழிக்குப் பின்னால் இருப்பது அடர்பழுப்பு. பழுப்பின் மேல் பழுப்பு. டார்ச் அடித்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொன்னால் அது பார்க்காததற்குச் சமம். கண் டாக்டரிடம் இருக்கும் ஸ்லிட் லாம்ப் என்ற, ஒளிக்கீற்றில் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில்தான் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் இயந்திரம் இதைக் காட்டாது. சீட்டில் "கண் பரிசோதனை" என்று மட்டும் எழுதியிருந்தால் பவர் பார்த்துக் கண்ணாடி எழுதி அனுப்பிவிடுவார்கள், "கே.எஃப். வளையம் உள்ளதா, ஸ்லிட் லாம்ப்பில்" என்று எழுதி வாங்குங்கள். நரம்புத் தொந்தரவு வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வளையம் இருக்கும். கல்லீரல் மட்டும் பாதித்தவர்களில் சுமார் பாதிப்பேருக்குத்தான். ஆகவே காமாலைக்காரருக்கு வளையம் இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

இரண்டாவது, ரத்தத்தில் செருலோபிளாஸ்மின். செம்பைச் சுமக்கும் புரதம். பொதுவாக டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். 10-க்குக் கீழே போனால் சந்தேகம் பலம். 10-க்கும் 20-க்கும் நடுவில் மற்ற சோதனைகளைச் சேர்த்துத்தான் பேச வேண்டும். இந்த எண் ஏமாற்றும். காய்ச்சல், வீக்கம், கர்ப்பம், கருத்தடை மாத்திரை எல்லாம் இதை மேலே தள்ளும், நோய் இருந்தும் நார்மல் என்று வரும். சத்துக்குறைவும் சிறுநீரில் புரதம் போவதும் கீழே இழுக்கும். ஒரு வயதுக்குக் கீழ் இயல்பாகவே குறைவு, அந்த வயதில் பார்த்துப் பயனில்லை. ஒரு பிரதி மட்டும் பழுதான, நோய் வராத ஆட்களிலும் சிலருக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இதைவிட மோசமான குழப்பம் "சீரம் காப்பர்". செம்பு சேர்வதுதானே நோய், ரத்தத்தில் அதிகமாகத்தானே இருக்கும் என்று நினைப்போம். ரத்தத்திலுள்ள செம்பில் பெரும்பங்கைச் சுமப்பது செருலோபிளாஸ்மின். அது குறைந்தால் மொத்தச் செம்பும் குறைந்தே தெரியும். "காப்பர் குறைவு" என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து யாராவது காப்பர் கலந்த சத்து மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு. அதிகம் கெட்டுப்போவது இந்தச் சோதனைதான். கெடுவது பெரும்பாலும் லேபில் அல்ல, வீட்டில். லேபிலிருந்தே பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள், செம்பு அளக்க என்று சொல்லி வாங்குங்கள். அமிலத்தில் கழுவியதாக இருக்க வேண்டும். வேலைக்கோ பள்ளிக்கோ போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வசதி. ஞாயிறு காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கழிவறையிலேயே விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி என்றால், அதற்கப்புறம் ஒரு சொட்டு விடாமல் எல்லாம் டப்பாவுக்குள். திங்கள் காலை ஆறு மணிக்கு வருவது கடைசி, அதுவும் உள்ளே போக வேண்டும். பிடிக்க பிளாஸ்டிக் மக் போதும். பித்தளைச் சொம்பு, செம்புச் சொம்பு கூடவே கூடாது. டப்பா குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்: முதல் நாள் முதல் சிறுநீரையும் சேர்த்துவிடுவது (24 மணி நேரம் 32 ஆகிவிடும்), நடுவில் மாலுக்கோ கோயிலுக்கோ போய் இரண்டு தடவை வெளியே விட்டுவிடுவது, மலம் கழிக்கும்போது கூடவே போவதை மறப்பது. முழுசாகச் சேர்ந்ததா என்று சரிபார்க்க அதே மாதிரியில் கிரியாட்டினினும் (தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் போகும் தசைக் கழிவு) பார்க்கச் சொல்லலாம். வயதுக்கும் எடைக்கும் பொருந்தாமல் மிகக் குறைவாக வந்தால் பாதி வெளியே போயிருக்கிறது.

ரிப்போர்ட் வந்ததும் அலகைப் பாருங்கள். சில லேப் ஒரு லிட்டருக்கு என்று தரும். லிட்டருக்கு 80 மைக்ரோகிராம், மொத்தச் சிறுநீர் ஒன்றரை லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 120. நமக்கு வேண்டியது இந்த 120. நாளொன்றுக்கு 100-க்கு மேல் போனால் வில்சன் என்பதற்கு வலுவான ஆதாரம். 40-க்கு மேலேயே, முக்கியமாகக் குழந்தைகளில், சும்மா விட முடியாது. அந்த 80-ஐ மட்டும் படித்துவிட்டு "100-க்குக் கீழேதான்" என்று நிம்மதியடைவதும் நடக்கிறது.

மூன்றும் சேர்ந்து தெளிவில்லை என்றால் மரபணுச் சோதனை, தேவைப்பட்டால் கல்லீரலில் துளி சதை எடுத்து உலர் எடையில் செம்பை அளப்பது. மூளை எம்.ஆர்.ஐ.யில் நடுமூளை பாண்டாக் கரடியின் முகம் போலத் தெரியும் என்று ரேடியாலஜிஸ்டுகள் சொல்வார்கள். எல்லா நோயாளிகளின் படத்திலும் அது தெரியாது, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஒருவருக்கு உறுதியானதும் வீட்டில் எல்லாக் கண்களும் அவர் மேல் இருக்கும். அப்போது கவனிக்க வேண்டியவர் பக்கத்தில் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் தம்பியோ தங்கையோ அக்காவோ அண்ணனோதான். அப்பா அம்மா இருவரும் ஒரு பழுதுப் பிரதியைச் சுமப்பவர்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்பித்தார்கள் என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் அதே நான்கில் ஒன்று. உடன்பிறந்தவர்களுக்கு இதே மூன்று சோதனைகளோடு கல்லீரல் சோதனையும் செய்ய வேண்டும். குடும்பத்தில் எந்த மாற்றம் என்று தெரிந்திருந்தால் அதை மட்டும் மரபணுவில் தேடினால் போதும், செலவும் குறையும். அறிகுறி வரும் முன்னே மாத்திரை ஆரம்பித்த பிள்ளை, ஒழுங்காகச் சாப்பிட்டால், நோயின் எந்தச் சுவடும் இல்லாமல் வளரும். இந்த நோயில் முழு வெற்றி என்று சொல்லக்கூடியது அந்தப் பிள்ளைதான். "அவன் நல்லாத்தானே இருக்கான், எதுக்கு ஊசி" என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சொந்தத்தில் கட்டுவது பற்றியும் பேசியாக வேண்டும். கோபப்படாமல் கணக்கை மட்டும் பாருங்கள். 30,000-இல் ஒருவர் என்றால், சுமார் 90 பேரில் ஒருவர் பழுதுப் பிரதியைச் சுமக்கிறார். சம்பந்தமில்லாத இருவர் கட்டினால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அந்த 30,000-இல் ஒன்றுதான். அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அது கிட்டத்தட்ட 2,500-இல் ஒன்றாகிறது. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் 1,300-இல் ஒன்று. அப்போதும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது. அதனால்தான் "எங்க தாத்தா காலத்திலிருந்து கட்டுறோம், என்ன ஆச்சு" என்று கேட்க முடிகிறது. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே வில்சன் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, வாய்ப்பு பல மடங்கு. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனைக்குப் போவது நல்லது. எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள மனித மரபியல் மையம் மாதிரியான இடங்களில் அந்த ஆலோசனை கிடைக்கிறது.

மருந்துக்கு வருவோம். பெனிசிலமைன் 1956-இல் வந்தது. ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கொண்டுவந்தார். செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும். அது ஒத்துவராதவர்களுக்கு டிரையன்டீன். மூன்றாவது துத்தநாகம், அதாவது சிங்க். அது வேலை செய்யும் விதம் வேறு: குடல் செல்களுக்குள் ஒரு புரதத்தைக் கூட்டும், அது சாப்பாட்டுச் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சில நாட்களில் அந்தச் செல்லே உதிர்ந்து மலத்தோடு போய்விடும். எதை யாருக்கு எவ்வளவு என்பது டாக்டர் வேலை. எப்படிச் சாப்பிடுவது என்பது வீட்டு வேலை, பாதிச் சிக்கல் அங்கேதான்.

பெனிசிலமைன் வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது இரண்டு மணி நேரம் பின். சாப்பாட்டோடு போனால் உள்ளே சேர்வது பாதியாகிவிடும். நம் வீடுகளில் இதற்கு எதிரி காலை ஃபில்டர் காபி. எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி; வேறு வழியில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் வயிற்றெரிச்சல் மருந்தும் இதிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி. சிங்க்கையும் இதையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் வீண். கூடவே பைரிடாக்சின், அதாவது பி6, எழுதியிருப்பார்கள். "அது வெறும் வைட்டமின்தானே" என்று விட்டுவிடாதீர்கள், பெனிசிலமைன் அதன் வேலையைக் கெடுப்பதால்தான் தருகிறார்கள். சிங்க் குமட்டும், காலை முதல் டோஸ்தான் அதிகம் படுத்தும். அதைப் பதினோரு மணிக்குத் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கடைக்காரரிடம் வாங்கும்போது பெயரை முழுசாகப் படியுங்கள். பெனிசிலின் வேறு, பெனிசிலமைன் வேறு. எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். ஆகவே கையில் எப்போதும் ஒரு மாதத்துக்கு மிச்சம் இருக்கட்டும், தீர்ந்த அன்று தேடக்கூடாது.

முதல் சில வாரங்கள்தான் கத்திமேல் நடப்பது. காய்ச்சல், தோல் தடிப்பு, வெள்ளணுவும் தட்டணுவும் குறைவது எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான். அதனால்தான் ரத்தமும் சிறுநீர்ப் புரதமும் அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள். நரம்புத் தொந்தரவோடு வந்தவர்களில் ஒரு பகுதிக்கு மருந்து ஆரம்பித்த பிறகு நடுக்கமும் பேச்சும் மேலும் மோசமாகும். அதைக் குறைக்கத்தான் சின்ன அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவது. "மருந்து ஒத்துக்கலை" என்று வீட்டிலேயே முடிவெடுத்து நிறுத்தினால் இரட்டை நஷ்டம். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். முன்னேற்றம் தெரிய மாதங்கள் ஆகும், சில விஷயங்களுக்கு இரண்டு வருடம்கூட.

மருந்தின்போதும் 24 மணி நேரச் சிறுநீர் பார்ப்பார்கள். அங்கே எண்ணின் அர்த்தம் மாறும். பெனிசிலமைனில் நன்றாக இருப்பவருக்கு நாளைக்கு 200 முதல் 500 மைக்ரோகிராம் வரை போகலாம், பயப்பட ஒன்றுமில்லை. சிங்க் மட்டும் சாப்பிடுபவருக்கு 100-க்குக் கீழே இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் லேப் சிவப்பில் அச்சடித்த எச்சரிக்கை இதையெல்லாம் அறியாது.

பாத்திரம். ராத்திரி செம்புக் குடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது இப்போது பெங்களூர் அபார்ட்மென்ட்களிலும் பரவிவிட்டது. குழாய் வைத்த செம்புப் பானை, ஆபீஸுக்குச் செம்பு பாட்டில். மற்றவர்கள் விருப்பம். வில்சன் உள்ள வீட்டில் வேண்டாம். ஈயம் பூச்சுப் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு, ரசம் கூடாது, புளிப்பு செம்பைக் கரைக்கும். கோயிலில் ஓர் உத்தரணி தீர்த்தத்தால் குடிமுழுகிவிடாது. சாப்பாட்டில் ஈரல், நண்டு, இறால், முந்திரி, பாதாம், எள், காளான், சாக்லேட் ஆகியவற்றை முதல் வருடமாவது ஒதுக்குவார்கள். பத்தியம் மட்டும் இருந்து மாத்திரையை விடலாமா என்றால் கூடாது.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து நிம்ஹான்ஸுக்கு வருகிறவர்கள் பழைய சீட்டு, ரிப்போர்ட், எம்.ஆர்.ஐ. ஃபிலிம், பி.பி.எல். அட்டை எல்லாம் ஒரே கவரில் கொண்டுவாருங்கள். உடன்பிறந்த பிள்ளைகளையும் கூட்டிவந்தால் இன்னொரு பயணம் மிச்சம். பேச்சும் நடையும் பாதித்தவர்கள் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். நாள்பட்ட நரம்பியல் நோய் அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று.

இந்த நோயில் உயிர் போகும் இடங்களில் ஒன்று கல்யாணம். பெண் நன்றாகத் தேறிவிட்டாள், மாத்திரை விஷயத்தைப் புகுந்த வீட்டில் சொல்லவில்லை, ஒளித்துச் சாப்பிடுகிறாள், பிறகு நாள் தவறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. நிறுத்திய உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. மாதங்களோ வருடங்களோ கழித்துக் கல்லீரல் ஒரேயடியாகச் செயலிழக்கும். அப்போது கல்லீரல் மாற்று அறுவை மட்டுமே மிஞ்சும். ஆகவே மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுங்கள். கர்ப்பம் தெரிந்தாலும் மருந்தை நிறுத்தக்கூடாது. பெனிசிலமைன் அளவைக் குறைப்பார்கள், சிங்க் வழக்கம்போல் தொடரும், முன்கூட்டியே திட்டமிட்டால் இன்னும் நல்லது. கணவர் சொந்தக்காரர் இல்லையென்றால் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 180-இல் ஒன்று. சொந்தக்காரர் என்றால் கர்ப்பத்துக்கு முன்பே அவருக்கு மரபணுச் சோதனை செய்துவிடுங்கள். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிய பிறகு ரத்தம் பார்த்தால் போதும்.